விலையை ஏற்றுங்கள், எடையில் கை வைக்காதீர்கள்

ஐந்து ரூபாய் பிஸ்கட் இன்றைக்கும் ஐந்து ரூபாய்தான் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. விலை ஏறவில்லை என்று யார் சொன்னது? நம் கண்ணில் படாத இடத்தில் ஏறியிருக்கிறது.

60 கிராம் இருந்த பாக்கெட் 50 கிராம் ஆனால், பத்து கிராம்தானே என்று தோன்றும். பழைய 60 கிராம் வேண்டுமென்றால் இப்போது 6 ரூபாய் ஆகும். அதாவது விலை 20 சதவீதம் ஏறியாகிவிட்டது. பால் விலை ஒரே நாளில் அப்படி ஏறினால் ஊரே கொந்தளிக்கும். இதற்கு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இந்தப் பாக்கெட் வெறும் நொறுக்குத்தீனி இல்லை. விடியுமுன் மீன் எடுக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளுக்கு டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாளில் பல வீடுகளில் காலைச் சாப்பாடே அதுதான், ஆளுக்கு ஒரு பாக்கெட். அதில் இரண்டு பிஸ்கட் குறைந்தால் பிள்ளையின் வயிற்றில் குறைகிறது.

என் அக்கா பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முகப்பில் பிஸ்கட் படம் பளபளவென்று இருக்கிறது. நிகர எடை மட்டும் பின்பக்கம், ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில். ஒரு பையன் பிரித்து எண்ணிவிட்டு, "அத்தை, முன்னாடி இதுல கூட இருக்குமே?" என்றான். "கம்பெனிக்காரன் போடுறதுதான்யா, நானா எடுத்து வச்சுக்கிட்டேன்?" என்றாள் அக்கா. யாரோ எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் கடைக்காரி.

சிப்ஸ் பாக்கெட்டில் காற்றுதான் இருக்கிறது என்று திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அது நைட்ரஜன். சிப்ஸ் நொறுங்காமலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலும் காப்பது அதுதான். எங்கள் உப்புக்காற்றில் திறந்து வைத்த சேவு சீக்கிரமே நமத்துவிடும் என்பதால் பாக்கெட்டின் அருமை எங்களுக்குத் தெரியும். உறை அதே அளவில் இருக்க, உள்ளே சரக்கு மட்டும் குறைவதைத்தான் கேட்கிறேன்.

கம்பெனிகளுக்குச் செலவு கூடியதும் உண்மைதான். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நாம் இறக்குமதி செய்கிறோம். 2022இல் உக்ரைன் போர் வந்தது, அந்த ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. 2024 செப்டம்பரில் இங்கே இறக்குமதி வரியும் ஏறியது. சரி, அதைச் சொல்லி விலையை ஏற்றலாமே! கீழக்கரையில் தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு வாங்கப் போனால் கடைக்கார காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), "தேங்காய் விலை ஏறிப்போச்சு தம்பி, கிலோவுக்கு 20 ரூபா கூட" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். கட்டுப்படியானால் அரைக் கிலோ, இல்லையென்றால் கால் கிலோ. தராசு என் கண் முன்னால் இருக்கிறது. டீக்கடை வடை சின்னதானாலும் தட்டிலேயே தெரியும், மாஸ்டரிடம் சண்டை போடலாம். பாக்கெட்டோடு யார் சண்டை போடுவது?

சட்டமும் கைகொடுக்காது. எடை தராசில் குறைந்தால் புகார் செய்யலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இங்கே அச்சிட்ட எடை சரியாகவே இருக்கிறதே! பிஸ்கட், பிரெட், டீத்தூள் போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு ஒரு பட்டியல் இருந்தது. 2021இல் கொண்டுவந்த திருத்தம் அதை எடுத்துவிட்டு, ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிடச் சொன்னது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பைசாக் கணக்கைப் பார்த்து, போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டு யார் வாங்குகிறார்கள்? கையில் ஐந்து ரூபாய் நாணயத்தோடு வரும் பிள்ளையா?

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மிக்சர், சேவு வகைகளுக்கு 12இலிருந்து 5. சின்னப் பாக்கெட்டில் விலையைக் குறைக்க முடியாது, எடையைக் கூட்டித் தருகிறோம் என்று கம்பெனிகள் சொன்னார்கள். கூட்டும்போது மட்டும் 'கூடுதல்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட இவர்களுக்குத் தெரியும். குறைக்கும்போதும் அதே இடத்தில், அதே எழுத்தில் 'எடை குறைக்கப்பட்டுள்ளது' என்று போடட்டும். பிரான்சில் 2024 ஜூலை முதல் பெரிய கடைகள் இப்படிக் குறைந்த பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் அறிவிப்பு வைத்தாக வேண்டும். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

பழைய உறை யார் வீட்டிலாவது கிடந்தால், புதிய உறையோடு சேர்த்துப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எடையும் தயாரித்த மாதமும் தெரிகிற மாதிரி எடுங்கள். நுகர்வோர் துறைக்கு மனு எழுதப்போகிறேன், எல்லாவற்றையும் அதோடு இணைத்து அனுப்புகிறேன்.