கோடு பொருந்திவிட்டதாம், கை தட்டுங்கள்

மூன்று வாரமாக ஏழாம் நம்பர் எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் வரவில்லை. நிஜக் கிணற்றில் வந்துகொண்டுதான் இருக்கிறது, என் கம்ப்யூட்டர் மாடலில்தான் வரவில்லை. ராத்திரி ரன் போட்டுவிட்டுப் போவேன். காலையில் பார்த்தால் வாட்டர் கட் கோடு, அதாவது எண்ணெயோடு வரும் தண்ணீரின் பங்கைக் காட்டும் கோடு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அளந்த புள்ளிகளோ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போகும்.

ஹிஸ்டரி மேட்சிங் என்று பெயர். எண்ணெய் இருக்கும் பாறையைக் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான பெட்டிகளாக வெட்டி, கிணறுகள் இதுவரை தந்த எண்ணெய், தண்ணீர், வாயு, அழுத்தம் எல்லாம் மாடலிலும் அப்படியே வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் பாறையின் குணத்தை மாற்றி மறுபடி ஓட்டுவது. கேட்க எவ்வளவு விஞ்ஞானமாக இருக்கிறது! நான் செய்தது என்ன? கிணற்றிலிருந்து தண்ணீர்ப் பக்கம் வரை ஒரு கட்டம் கட்டி, உள்ளே இருக்கும் பெர்மியபிலிட்டியை, அதாவது பாறை திரவத்தை எவ்வளவு எளிதாக ஓடவிடும் என்ற எண்ணை, 12-ஆல் பெருக்கினேன். தண்ணீர் ஓடி வந்துவிட்டது. ஏன் 12? 10 போதவில்லை, 15 அதிகம். அவ்வளவுதான் அதன் புவியியல். ஜியாலஜிஸ்ட் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். மேனேஜருக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

என் வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. "அளந்த" புள்ளிகள் என்று சொன்னேனே, அதில் பாதியை யாரும் அளக்கவே இல்லை! எல்லாக் கிணறும் சேர்ந்து ஒரே நிலையத்துக்குப் போகும், மொத்தத்தைத்தான் அளப்பார்கள். தனித்தனிக் கிணற்றை மாதத்துக்கு ஒருமுறை சில மணி நேரம் எண்ணெய், தண்ணீர், வாயுவைப் பிரித்து அளக்கும் டெஸ்ட் செப்பரேட்டரில் விட்டுப் பார்ப்பதோடு சரி. மீதி நாளெல்லாம் அந்த விகிதத்தில் பங்கு பிரித்து எழுதுவது. எண்ணெய் காசு, அதனால் சொட்டுச் சொட்டாகக் கணக்கு. தண்ணீர் சனியன், ஒழிந்தால் போதும்.

மனசு கேட்காமல் பழைய டெஸ்ட் தாள்களைத் தோண்டினேன். ஏழாம் கிணற்றுக்கு ஐந்து மாதம் டெஸ்டே நடக்கவில்லை. பக்கத்து எட்டாம் கிணற்றின் தண்ணீரில் பெரும்பங்கை இதன் தலையில் எழுதியிருக்கிறார்கள். யாரோ பங்கு பிரித்த தாளுக்காக நான் பாறையை வளைத்துக்கொண்டிருக்கிறேன்!

சரியாக அளந்திருந்தாலும் என்ன வாழ்ந்தது? 2004-இல் தவசோலி, கார்ட்டர், கிங் என்ற மூவர் ஒரு பொம்மை மாடலை வைத்துப் பார்த்தார்கள். தெரியாத எண்கள் மூன்றே மூன்று. அதிலேயே, பழைய உற்பத்தியோடு நன்றாகப் பொருந்திய மாடல் இனி வருவதைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப முடியாது என்று காட்டிவிட்டார்கள். எங்களிடம் மூன்றா இருக்கிறது? ஃபால்ட் என்கிற பாறைப் பிளவு கசிகிறதா அடைக்கிறதா, எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து ஓடும்போது எது எவ்வளவு எளிதாக ஓடும் என்று சொல்லும் ரிலேட்டிவ் பெர்மியபிலிட்டி வளைவு எப்படி... எண்ணெயை ஒட்டியிருக்கும் தண்ணீர்ப் பாறை, அக்விஃபர், இன்னும் வசதி. பிரஷர் குறைகிறதா, அதைப் பெரிதாக்கு. அங்கே போய்க் கிணறு வெட்டிப் பார்த்தவன் யார்?

அதனால்தான் ஒன்றுக்குப் பதில் 100 மாடல் ஓட்டிக் காட்டினேன். நூறும் வரலாற்றோடு ஏறக்குறையப் பொருந்துகின்றன, எதிர்காலத்தில் நூறும் நூறு திசையில் போகின்றன. மீட்டிங்கில் கேட்கிறார்கள், "இதில் எது சரி?" "அது தெரியாது சார், அதுதான் சேதியே" என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும், பேஸ் கேஸ் ஒன்று கொடுங்க." திட்டத்துக்கு அடிப்படையாக ஒற்றைக் கணிப்பு வேண்டுமாம். நாளைக்கு அந்தக் கணிப்பு பொய்த்தால் யாரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

பங்குத் தாள் தப்பு என்று மெயில் போட்டேன். பதில் வந்தது: உற்பத்திக் கணக்கு ஏற்கெனவே மேலே போய்விட்டது, இனி மாற்ற முடியாது, மாடலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணை மாற்ற முடியாதாம், பாறையை மாற்றலாமாம்! இன்று ராத்திரி ரன்னில் ஏழாம் கிணற்றுக்கு அதே 12. எட்டாம் கிணற்றில் மாடல் அதிகமாகத் தண்ணீர் காட்டுகிறதே, அதற்கு 0.3 போட்டிருக்கிறேன்.