சான்றிதழ் இருக்கிறது, வீடு எங்கே?

சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் பகுதியில் சேஃப்வே பல்பொருள் அங்காடி இருந்த இடத்தில் வரப்போகும் அடுக்குமாடி பற்றிய செய்திக்குக் கீழே நம்ம வளைகுடாப் பகுதித் தமிழர்கள் எழுதியதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பகுதியில் நகரம் வீட்டை இடித்து வெளியேற்றிய, பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களுக்கு மலிவு வாடகை வீட்டுக் குலுக்கலில் முன்னுரிமை உண்டு என்பதுதான் கோபம். "அவங்களுக்கு மட்டும் ஏன் முன்னுரிமை? எல்லாரும் லாட்டரில வரட்டும்" என்ற வரிக்கு அத்தனை விருப்பக்குறி. மனசு ஆறவில்லை.

அது சலுகை இல்லைங்க, நகரம் தீர்க்க வேண்டிய கடன். சான் ஃபிரான்சிஸ்கோ நகரம் 1948-ல் ஃபில்மோர் அடங்கிய வெஸ்டர்ன் அடிஷனைச் சீர்கெட்ட பகுதி என்று அறிவித்தது. 1956-ல் ஏ-1, 1964-ல் ஏ-2 என இடித்துக் கட்டும் இரண்டு திட்டங்கள். 883 கடைகள், 4,729 குடும்பங்கள், சுமார் 2,500 விக்டோரிய வீடுகள் போயின. மறுகுடியமர்த்தும் ஏற்பாடு சரியில்லை என்று 1968-ல் குடியிருப்போர் வழக்குப் போட்டு, நீதிமன்றம் வேலையை நிறுத்தியே வைத்தது. பிறகு அதே வேலை தொடர்ந்தது. இடித்த மனைகள் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தன. வெளியேறியவர்கள் கையில் இருந்தது ஒரு முன்னுரிமைச் சான்றிதழ்.

"இது இனப் பாகுபாடு" என்கிறார்கள். சான்றிதழில் நிறம் கேட்பதில்லை, இடிக்கப்பட்ட முகவரிதான் கேட்கிறார்கள். அங்கே வீடிழந்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கும் அதே உரிமை உண்டு.

அந்தத் தாளை வைத்து வீடு வாங்கிவிட முடியுமா? லாட்டரியில் முதல் வரிசை கிடைக்கும், அவ்வளவுதான். வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும், வாடகைக்கு ஏற்ற வருமானமும் காட்ட வேண்டும். அந்த வரம்பைக் கணக்கிடும் இடைநிலை வருமானத்தில் (வட்டாரக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் தொகை) மரீன், சான் மடேயோ மாவட்டங்களும் சேர்த்தி. பணக்கார ஊர்கள் சேர்ந்தால் எண் ஏறும். அதில் 80 விழுக்காட்டுக்கு நிர்ணயித்த வாடகை, 30 விழுக்காட்டில் இருக்கும் ஒரு பாட்டிக்கு எட்டாது. ஒற்றை அறை வீடுகளாகக் கட்டினால் பேரப்பிள்ளைகளோடு வருபவர் எங்கே படுப்பார்? 2021-ல் வந்த சட்டம் வாரிசுகளுக்கும் உரிமையை நீட்டியது, நல்லது. ஆனால் பிறப்புச் சான்று, பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்று என்று அந்தப் பழைய முகவரி வரை சங்கிலி அறாமல் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பெயரே இல்லாமல் உள்ளறையில் குடியிருந்தவரின் மகள் எதைக் காட்டுவாள்?

மறுபடி சொல்கிறேன்: எட்டுகிற வாடகையும் போதுமான அறையும் இல்லாத முன்னுரிமை வெறும் தாள்.

கடைகளுக்கும் இதே கதி. தரைத்தளத்தை வெறும் கான்கிரீட் கூடாகக் கொடுத்துவிட்டு "உள்ளூர் வியாபாரிக்கு ஒதுக்கினோம்" என்கிறார்கள். சமையல் புகைக்குழாயைக் கூரை வரை கொண்டுபோகவும், மின்சுமையைக் கூட்டவும், கழிவுநீரில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைக்கவும் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்காரர் எங்கே போவார்? கட்டும்போதே போட்டால் செலவு குறைவு. பிறகு தளத்தைத் துளைத்தால் பல மடங்கு.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் கட்டுநர் ஓடிவிடுவார்" என்ற வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. வட்டியும் கட்டுமானச் செலவும் உண்மைதான். அதற்காகத்தான் நிலத்தைச் சமூக நில அறக்கட்டளை என்ற லாபநோக்கற்ற அமைப்பு வைத்துக்கொண்டு 99 வருஷக் குத்தகைக்கு விடும் முறை இருக்கிறது. மனை விலை வீட்டு விலையில் ஏறாது, மறுவிற்பனைக்கும் உச்சவரம்பு இருக்கும்.

"அறுபது வருஷத்துக்கு முந்தின கதை, எங்களுக்கென்ன" என்பதுதான் அதிகம் வலிக்கிறது. நாம் இந்த நாட்டுக்குள் வந்த கதவும் 1965 குடிவரவுச் சட்டம்தானே! கறுப்பின மக்கள் தெருவில் நின்று அடி வாங்கி வென்ற 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்கு அடுத்த வருஷம், அதே அலையில் வந்தது அது. அந்தப் பழைய கதையின் பலனை அனுபவித்துக்கொண்டு அவர்கள் நஷ்டத்தை மட்டும் பழசு என்பீர்களா?

இந்த அடுக்குமாடி பற்றிய அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இவற்றைக் கேளுங்கள்: மூன்று படுக்கையறை வீடுகள் எத்தனை? 30, 50 விழுக்காட்டு வருமானத்துக்கு எத்தனை? சான்றிதழ்காரர்களைத் தேடி ஓக்லாந்து, ஆண்டியோக், வயேஹோ வரை யார் போகிறார்கள், அதற்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா? பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள். கட்டட அனுமதிக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.