எங்கள் புகைபோக்கியும் எதிர்வீட்டுப் பால்கனியும்

சென்ற வாரம் படகின் கூரையில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. பறந்துவிடாமலிருக்க எங்கள் விறகுக் கட்டை ஒன்றையே எடுத்து அதன்மேல் வைத்திருந்தார்கள். "உங்கள் அடுப்புப் புகை எங்கள் பால்கனிக்கு வருகிறது. வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்." கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. எதிர்க்கரையில் அந்தக் குடியிருப்பின் விற்பனைத் தட்டி இன்னும் நிற்கிறது. அதில் தண்ணீர், வாத்து, எங்களுடையதைப் போலவே வண்ணம் பூசிய ஒரு படகு. படத்தில் இருக்கும் படகுக்குப் புகைபோக்கி உண்டு, புகைதான் இல்லை.

நான்கு ஆண்டுகளாக லண்டனில், கால்வாயில் மிதக்கும் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகில் குடியிருக்கிறேன். 57 அடி நீளம். அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. ஊரிலிருக்கும் அம்மாவிடம் "ரயில் பெட்டியில் குடித்தனம் நடத்துவது மாதிரி" என்றேன். "அப்படியானால் கக்கூஸ்?" என்று சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அடியில் ஒரு தொட்டி. நிறைந்ததும் நாமே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். குடிதண்ணீருக்குப் படகையே குழாயடிக்கு ஓட்டிப்போக வேண்டும். கரையில் படகைக் கட்டி நிறுத்த நிரந்தர இடம் பிடிக்க எங்களுக்கு வசதியில்லை. அப்படி இடமில்லாதவர்கள் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எனவே வீடு நகர்ந்துகொண்டே இருக்கிறது, அலுவலகம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

இப்போது நாங்கள் நிற்கும் ரீஜன்ட்ஸ் கால்வாய் 1820இல் முழுமையாகத் திறக்கப்பட்டது, பாடிங்டனிலிருந்து லைம்ஹவுஸில் தேம்ஸ் ஆறு வரை. நிலக்கரியும் மரமும் வந்தன. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டிகூட இதன் வழியாகத்தான் கிங்ஸ் கிராஸ் கிடங்குக்குப் போனது. பிறகு ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொள்ள, ஊர் கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டது. பழைய கட்டடங்களைப் பாருங்கள், தண்ணீர்ப் பக்கம் வெறும் சுவர்தான் இருக்கும். இன்று அதே கிங்ஸ் கிராஸில், 1852இல் கட்டிய தானியக் கிடங்கின் முன்னால் 2012இல் ஒரு சதுக்கத்தைத் திறந்துவிட்டார்கள். படிக்கட்டில் மக்கள் வெயில் காய்கிறார்கள். எனக்கும் பிடித்த இடம்தான். கால்வாய் அழகானதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அழகில் படகுகள் இருக்க வேண்டும், படகுக்காரர்கள் மட்டும் கண்ணில் படக்கூடாது என்கிற எதிர்பார்ப்புதான் எரிச்சலூட்டுகிறது. ஆனால் குளிர்கால இரவுகளில், கரைப்பாதையில் தனியாக வரும் பெண்கள் துணைக்கென்று எங்கள் சன்னல் வெளிச்சத்தை ஒட்டி நடப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

2012 முதல் இந்தக் கால்வாய்களைப் பராமரிப்பது ஓர் அறக்கட்டளை. 2027க்குப் பிறகு அதற்கு அரசு தரும் மானியம் குறையப்போகிறது. இருநூறு வயதான மதகுகளின் கதவுகள் உளுத்துப்போகின்றன, கரை கசிகிறது. பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 ஏப்ரல் முதல் நிரந்தர இடமில்லாத படகுகளுக்கென்று உரிமக் கட்டணத்தில் ஒரு கூடுதல் தொகை விதித்திருக்கிறார்கள். இடம் பிடிக்கக் காசில்லாததால்தான் நாங்கள் சுற்றுகிறோம். சுற்றுவதற்கும் காசு கேட்டால் எப்படி? கால்வாய் தெரிகிறது என்று விலை ஏறிய பால்கனிகளுக்குக் காட்சிக் கட்டணம் எதுவும் கிடையாது. (எங்கள் சாம்பார் வாசனையும் அவர்களுக்கு இலவசம்தான்.)

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. இரவு எட்டு மணிக்குமேல் மின்சாரத்துக்காக எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி, ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டின்மேல் இருந்த அந்தக் கட்டையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். ஈர விறகு புகையத்தான் செய்யும். அந்த அளவில் சீட்டுக்காரர் சொன்னது நியாயம். மறுநாளே புகை குறைந்த கரிக்கு மாறிவிட்டேன்.

ஆனால் "வேறு இடம் பார்" என்பது தீர்வா? நான் போனால் அதே இடத்துக்கு இன்னொரு படகு வரும், அதற்கும் குளிரும். லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் சில இடங்களில் கரையிலேயே மின் இணைப்பு வைத்திருக்கிறார்கள். அங்கே எஞ்சினும் வேண்டாம், விறகும் வேண்டாம். கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் அதை எல்லா இடத்திலும் செய்திருக்கலாம். மின்சாரம் எங்கோ தொலைவிலும் இல்லை. இந்தக் கால்வாயின் கரைப்பாதைக்கு அடியில் நெடுந்தூரத்துக்கு 4,00,000 வோல்ட் மின்கம்பிகள் ஓடுகின்றன. 1970களின் இறுதியில் பதித்தவை. அவற்றைக் குளிர்விப்பதற்கும் கால்வாய்த் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள். அதே தண்ணீரில் மிதந்தபடி, கைபேசிக்குச் சார்ஜ் ஏற டீசல் எஞ்சினை ஓடவிட்டு, எட்டு மணி ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.