லொகேஷன் அனுப்பியாச்சு, அப்புறம் என்ன?

சனிக்கிழமை எங்கள் ஃப்ளாட் வாசலில் நடந்த கூத்தை வீடியோவாகவே பார்த்திருப்பீர்கள். யார், எந்த மாடி என்றெல்லாம் மறுபடி சொல்லப் போவதில்லை. மழையில் தொப்பலாக நனைந்து வந்த டெலிவரி பையனைப் பார்த்து, "மேப் பார்க்கத் தெரியாதவன் எல்லாம் எதுக்குடா இந்த வேலைக்கு வர்றே" என்று கேட்டுவிட்டு, அதை என்னவோ கோப்பை வாங்கிய மாதிரி குரூப்பிலும் போட்டார்கள். பதினேழு பேர் கைதட்டினார்கள். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "அவன் மூணு தடவை போன் பண்ணியிருக்கானே, எடுத்திருக்கலாமே." அதற்குத்தான் நேற்றிலிருந்து குரூப்பில் எனக்கு இவ்வளவு பதில்கள்.

இப்போதும் அதையேதான் சொல்கிறேன். மேப் தெருமுனை வரைதான் கொண்டுவந்து விடும். அதற்கு அப்புறம் வாயைத் திறந்து வழி சொல்ல வேண்டியது வீட்டுக்காரர் வேலை.

எங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட் இருப்பது தெருப் பக்கம். பின்சுவர் ஒட்டி நிற்பது பக்கத்துச் சந்தில். அந்தச் சிவப்புக் குறி விழுவதோ கட்டடத்தின் பின்பாதியில். அங்கிருந்து எந்த ரோடு கிட்டம் என்று கணக்குப் போட்டு, மேப் ஆளைச் சந்துக்குள் அனுப்பிவிடுகிறது. அங்கே ஒரு சுவர், ஒரு குப்பைத்தொட்டி, உடைந்த சாக்கடை மூடி. "லொகேஷன்லதான் சார் நிக்கிறேன்" என்று அவன் சொன்னால் அது சத்தியமான உண்மை. நிற்கிறான். சுவர்தான் திறக்காது.

"ஜிபிஎஸ் எல்லாம் துல்லியம் மேடம்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். சரி சார். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கு கண்ணில் பட்டால்தான் போனுக்குத் தன் இடம் ஒழுங்காகத் தெரியும். திறந்தவெளியில் ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். மேற்கு மாம்பலத்தில் திறந்தவெளிக்கு எங்கே போவது? இரண்டு பக்கமும் மூன்று மாடி, நடுவில் வானம் ஒரு கோடு. சிக்னல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. பிழை அந்த ஐந்து மீட்டருக்கு மேல் போனால் எங்கள் தெருவில் அடுத்த வீட்டு அடுப்படி வந்துவிடும். ஒரு காலத்தில் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே நூறு மீட்டர் வரை பிழையைக் கலந்துவிட்டிருந்தது. 2000 மே மாதத்தில் அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். நம் ஆட்கள்தான் போனை எடுக்காமல் இன்னும் அந்தச் சேவையைத் தொடர்கிறார்கள்.

"காசு கொடுக்கிறோம், வழியும் நாங்களே சொல்லணுமா?" ஆமாம், சொல்லணும். உங்கள் வீட்டுக்கு வழி வேறு யாருக்குத் தெரியும்?

"டிஜிபின் வந்தாச்சு, இனி பிரச்சினையே இல்லை." தபால் துறை 2025-இல் கொண்டுவந்தது, நல்ல விஷயம்தான், ஏறக்குறைய நாலுக்கு நாலு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு. ஆனால் தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் அதே குறியீடுதானே?

"அந்தப் பையனும் எகிறித்தானே பேசினான்?" பேசினான். நனைந்திருந்தான்.

தனியாக இருக்கும் பெண்கள் தெரியாத ஆளிடம் போனில் பேசத் தயங்குவார்கள் என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். அது நியாயம், மறுக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை போனை எடுக்காதவர் ஆறடி உயரம், மீசை வேறு.

"உங்களுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை" என்றும் கேட்டார்கள். எட்டு வருஷமாகச் சுண்டலும் கொழுக்கட்டையும் வாங்கிச் சாப்பிட்ட வீட்டிலிருந்து அந்தக் கேள்வி வந்ததுதான் உறுத்துகிறது. எதுக்கு என்றால், சொல்கிறேன்.

மூன்று வருஷம் முன்னால் ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு லொகேஷன் அனுப்பினேன். புள்ளி நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். "ரெண்டு நிமிஷம்" என்று காட்டியது. ரெண்டு நிமிஷம் கழித்தும் ரெண்டு நிமிஷம். போன் வந்திருக்கிறது, சைலன்டில் போட்டிருந்தேன், நான் மேப்பைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். வண்டி பின்சந்தில், அதே சுவருக்கு முன்னால். இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்த அண்ணன்தான் சைரன் விளக்கைப் பார்த்து எழுந்து ஓடி, "ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு, நீல கேட்டு வீடு" என்று கத்திக்கொண்டே வண்டிக்கு முன்னால் ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பில்லை. அப்பா அந்தத் தடவை பிழைத்துவிட்டார்.

அந்த அண்ணனைத்தான் போன மாசம் "வாசலை அடைக்கிறார்" என்று மீட்டிங் போட்டுத் துரத்தினீர்கள். அது வேற கதை. இல்லை, அதே கதைதான்.

நாளை மீட்டிங்கில் "டெலிவரி ஆட்களுக்குக் கட்டுப்பாடு" என்று ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார்களாம். வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று, செகரட்டரி சார். நம் கேட்டில் பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டும் எழுதியிருந்தது. பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தபோது இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள். நீல கேட்டும் இப்போது பிரவுன். அதை எழுதுவதற்கு எத்தனை செயற்கைக்கோள் வேண்டும்?