ஹூட்டுக்கு ஒரு ஹீரோ

வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் வாயில் ஓட்டோ பார்க். 2026 ஜனவரி, தைப்பொங்கல் முடிந்த கிழமை. பள்ளிக்கூட ஹயர் முடிந்து பகல் ஹயர் தொடங்காத பதினொரு மணி. யாழ்ப்பாணத்துத் தினேஷ் தன் ஓட்டோவின் பின் ஹூட்டை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கொட்டாஞ்சேனை மோகன் அண்ணன் தன் ஓட்டோவின் பின் சீட்டில் சாய்ந்து பத்திரிகை பார்க்கிறார்.

தினேஷ்: மோகன் அண்ணை, ஒரு நாலாயிரம் கைமாத்தாத் தருவீங்களோ?

மோகன்: லீசிங்கா?

தினேஷ்: இல்லை, ஸ்டிக்கர்.

மோகன்: லீசிங்குன்னா இல்லைன்னு சொல்லிப் பழகியிருக்கேன். ஸ்டிக்கருக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல்லையே. யார் ஸ்டிக்கர்?

தினேஷ்: அதுதான் பிரச்சினை. பஞ்சிகாவத்தைக் கடைக்காரன் நாளைக்குள்ள ஆளைச் சொல்லட்டாம். ஒட்டினா அஞ்சு வருஷம் நிக்கோணும். போன முறை மாதிரி ஏமாறக் கூடாது.

மோகன்: போன முறை ஜோக்கர் தானே?

தினேஷ்: ஓம். 2019ல வந்த படம் ஒரு பில்லியன் டொலர் தாண்டினது. நம்பி ஒட்டினன். 2024ல ரெண்டாம் பாகம் வந்துது. அதில அவர் பாட்டுப் பாடினார். 207 மில்லியனோட படுத்திட்டுது.

மோகன்: பாட்டு வச்சா கூடத்தானே ஓடணும்?

தினேஷ்: அது உங்கட எம்.ஜி.ஆர். காலம். படம் படுத்தது ஒரு பக்கம் அண்ணை. ராத்திரியில பொம்பிளைப் பிள்ளையள் வருவினம், அந்தச் சிரிப்பைப் பார்ப்பினம், பேசாமப் போய் அடுத்த ஓட்டோவில ஏறிடுவினம்.

மோகன்: அடுத்த ஓட்டோ என்னுது. ஜோக்கர் எனக்கு நல்லா உழைச்சுக் குடுத்தான் தம்பி. அவனையே வச்சிரு.

தினேஷ்: அதுக்கு முதல் கெப்டன் அமெரிக்கா. அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் படத்தில அவர் கிழவனாகி, கேடயத்தையும் கைமாத்தாக் குடுத்திட்டு வாங்கில குந்திட்டார். சரி, மனுசன் பென்ஷன் எடுத்திட்டார் எண்டு நானும் மரியாதையா உரிச்சன். போன மாசம் டீசர் விடுறாங்கள், அவர் திரும்பி வாறாராம். கைக்குழந்தையோட!

மோகன்: அப்ப நீ உரிக்கிறவன் எல்லாம் திரும்பி வாறான். உன் கையில ஏதோ இருக்கு. (பத்திரிகையை மடிக்கிறார்) சரி, காசு என்னுது. அதனால ஆளை நான்தான் பார்க்கணும். வரிசையில யார் யார் நிக்கிறான்?

தினேஷ்: முதல் ஆள் டொக்டர் டூம். அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே, வாற டிசம்பர் 18.

மோகன்: நல்லவனா?

தினேஷ்: வில்லன். ஆனா நடிக்கிறது ரொபர்ட் டவுனி.

மோகன்: அவன் ஐயன் மேன் தானே! செத்துட்டானே? என் மகள் அழுது ராத்திரி சோறு திங்கல்ல.

தினேஷ்: ஐயன் மேன் செத்தது செத்ததுதான். இப்ப அதே மனுசன் வேற ஆளா வாறார். 2024 ஜூலையில மேடையில முகமூடியைக் கழட்டிக் காட்டினவர். சனம் கத்தின கத்து!

மோகன்: பொறு பொறு. எம்.ஜி.ஆர். ஒரு படத்துல நாட்டுக்காக உயிரை விடுறார். அடுத்த படத்துல அதே எம்.ஜி.ஆர். நம்பியாரா வாறார். கொட்டாஞ்சேனைத் தியேட்டர்ல ஒரு கதிரை மிஞ்சுமா?

தினேஷ்: மிஞ்சாது. எண்டாலும் டிக்கெட் வித்திருக்கும் தானே?

மோகன்: (யோசித்து) வித்திருக்கும். ரெண்டு தரம் வித்திருக்கும். ஒரு தரம் பார்க்க, ஒரு தரம் உடைக்க.

தினேஷ்: படம் எடுக்கிற மார்வெல் கொம்பனிக்காரங்களும் அதைத்தான் கணக்குப் பார்த்திருக்கிறாங்கள். இந்தப் படம் மே மாதம் முதலாம் தேதி வரவேண்டியது. டிசம்பருக்குத் தள்ளிப்போட்டாங்கள்.

மோகன்: தவணையைத் தள்ளிப் போட்டவனை நம்பி நான் கடன் குடுக்கிறதா?

தினேஷ்: நல்லாச் செய்யத்தான் தள்ளினவங்கள். ஆனா அதே டிசம்பர் 18லதான் டியூன் மூண்டாம் பாகமும் வருது. அந்த மணல் படம்.

மோகன்: ஒரே நாளா? காலி வீதியில ரெண்டு வேல் தேர் எதிரும் புதிருமா வந்தா யார் பின்னுக்கு எடுக்கிறது?

தினேஷ்: டியூன் எடுக்கட்டும். மணல்ல ரிவர்ஸ் போடுறது அவங்களுக்குப் பழக்கம். அண்ணை, அவெஞ்சர்ஸ் எண்டால் லேசுப்பட்ட சாமான் இல்லை. எண்ட்கேம் எவ்வளவு எடுத்தது தெரியுமோ? 2.79 பில்லியன் டொலர். மூண்டே மாசத்தில.

மோகன்: (நிமிர்ந்து உட்கார்ந்து) எவ்வளவு?

தினேஷ்: எங்கட காசில 83,000 கோடிக்கு மேல.

மோகன்: தம்பி, நம்ம நாடு ஐ.எம்.எஃப்.கிட்ட கேட்டு வாங்கினது எவ்வளவு தெரியுமா? 2023 மார்ச்சில சம்மதிச்சாங்க. கிட்டத்தட்ட 3 பில்லியன். அதுவும் நாலு வருஷத்துக்கு! தவணை தவணையா! ஒவ்வொரு தவணைக்கும் ஆள் வந்து, கொப்பி பார்த்து, கரண்ட் பில்லைக் கூட்டச் சொல்லி, மீளாய்வு செஞ்சு, அதுக்குப் பிறகுதான் காசு. இவங்க ஒரு படத்துல அதை எடுத்துட்டாங்களா?

தினேஷ்: கிட்டத்தட்ட.

மோகன்: அப்ப ஐ.எம்.எஃப்.க்கு ஏன் போனோம்? ரெண்டு பேருக்கு உடுப்பு தைச்சுக் குடுத்து, காலிமுகத்திடல்ல பறக்க விட்டிருக்கலாமே.

தினேஷ்: 2022ல பறக்கிறதுக்குப் பெற்றோல் எங்க இருந்தது? எங்களுக்குக் கிழமைக்கு அஞ்சு லீற்றர். கியூ.ஆர். காட்டித்தான் ஐயன் மேனும் பறந்திருக்கோணும்.

மோகன்: அதுவும் சரிதான். எண்ட்கேம் வந்தது எப்ப?

தினேஷ்: 2019. ஏப்ரல் கடைசி.

மோகன்: ஏப்ரல் கடைசியா.

(இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு பஸ் போகிறது.)

மோகன்: சேர்ச்சில குண்டு வெடிச்ச அந்தக் கிழமை கொச்சிக்கடைப் பக்கம் யாருக்கும் படம் நினைவில்ல. மகளை ஜூன் கடைசியிலதான் கூட்டிட்டுப் போனேன். சரி விடு. எண்ட்கேமுக்குப் பிறகு எப்படி?

தினேஷ்: (குரலைத் தாழ்த்தி) அதுதான் கொஞ்சம் கரைச்சல். 2023ல மார்வெல்ஸ் எண்டு ஒரு படம். 206 மில்லியன். செலவுக்கே காணாது. 2025ல மூண்டு படம் விட்டாங்கள். கேடயம் வாங்கின புது ஆளின்ர கெப்டன் அமெரிக்கா 415, தண்டர்போல்ட்ஸ் 382, ஃபன்டாஸ்டிக் ஃபோர் 521.

மோகன்: எல்லாம் மில்லியன். மோசம் இல்லையே.

தினேஷ்: மோசம்தான். மூண்டையும் கூட்டிப் பாருங்கோ, 1,318. 2024ல டெட்பூலும் வூல்வரினும் வந்த ஒரே படம் 1,338.

மோகன்: வூல்வரின்னா அந்தக் கையில கத்தி முளைக்கிறவன்? அவனும் ஒரு படத்துல செத்தான்.

தினேஷ்: 2017ல. தோண்டி எடுத்துட்டாங்கள்.

மோகன்: ஆ! இப்ப விளங்குது. உசிரோட இருக்கிற புது ஆளுக்கு 400, செத்துத் திரும்பினவனுக்கு 1,300. இவங்க தொழிலே நீ உரிச்ச ஸ்டிக்கரைப் பொறுக்கித் திரும்ப ஒட்டுறதுதான்.

(காய்கறிப் பையோடு ஒரு அம்மா வருகிறார்.)

அம்மா: தம்பி, கொட்டாஞ்சேனை போகலாமா?

மோகன்: அம்மா, ரெண்டே நிமிஷம். இன்னும் ஸ்பைடர்மேன் இருக்கு.

(அம்மா இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு பஸ் ஹோல்ட் பக்கம் போகிறார்.)

தினேஷ்: ஸ்பைடர்மேன் சுகமான கணக்கு. ஜூலை 31 வருது. 2021ல மூண்டு ஸ்பைடர்மேனையும் ஒண்டா விட்டு 1.9 பில்லியன் எடுத்தவங்கள்.

மோகன்: அதுலயும் பழைய ஆட்கள் ரெண்டு பேர். பார்த்தியா? ஆனா ஸ்பைடர்மேன் வேணாம். சிவப்பு. இந்தக் கடல் காத்துக்கும் வெயிலுக்கும் ஆறு மாசத்துல ரோஸ் கலராகிடும். பிறகு அது பார்பி ஓட்டோ.

தினேஷ்: அப்ப நீங்க ஒரு ஆளைச் சொல்லுங்கோ.

மோகன்: வேற யாரு, சூப்பர்மேன். அவனுக்கு முன்னால உன் ஆட்கள் எல்லாம் பொடியன்மார். போன வருஷம் ஜூலையில புதுப் படம் வந்துச்சு. 616 மில்லியன். உன் மூணு படத்துல ஒண்ணாவது அவனைத் தொட்டுச்சா?

தினேஷ்: தொடேல்லை. ஆனா 2013ல வந்த சூப்பர்மேன் 670 எடுத்தவர். பன்னிரண்டு வருஷத்தில டிக்கெட் விலை கூடினது, மனுசன் குறைஞ்சிட்டார்.

மோகன்: 2013ல வந்தவன் முகத்தை உம்முன்னு வச்சிட்டிருந்தான். இவன் நல்ல பிள்ளை. நாய் எல்லாம் வளர்க்கிறான்.

தினேஷ்: அதில்லை அண்ணை காரணம். 2013ல அவர் வெளியால ஜங்கி போடேல்லை, 670. 2025ல சிவப்பு ஜங்கியோட வந்தார், 616. சனத்துக்கு எது விருப்பம் எண்டு விளங்குதோ?

மோகன்: டேய், அது பாரம்பரியம்! ஜங்கியைக் கழட்டின சூப்பர்மேனும் திருநீறு அழிச்ச பூசாரியும் ஒண்ணு.

தினேஷ்: சரி, லாபம் பார்ப்போம். செலவு 225 மில்லியன். வசூல் 616 முழுக்க அவங்களுக்கு வராது. ஏறக்குறையப் பாதி தியேட்டர்காரனுக்கு.

மோகன்: பாதியா! நான் ஆப்காரன் கொமிஷன் வெட்டுறான்னு வயிறு எரிஞ்சிட்டிருக்கேன். அவன் சாமி!

தினேஷ்: மிச்சம் 308. அதில செலவைக் கழிச்சா 83. போஸ்டர், டீவி, ஊர் ஊரா நடிகரைக் கூட்டிக்கொண்டு திரியிறது எண்டு விளம்பரத்துக்கே இன்னொரு நூறு மில்லியன் பக்கம் போகும்.

மோகன்: (விரல் விட்டு எண்ணி, முகம் சுருங்கி) அப்ப இவன் உலகம் முழுக்கப் பறந்தது பெற்றோல் காசுக்கா?

தினேஷ்: தியேட்டர் காசு மட்டும் பார்த்தால் அப்பிடித்தான். பிறகு டீவி, பொம்மை, ரீசேர்ட் எண்டு வரும்.

மோகன்: நம்மளும் அப்படித்தானே. ஹயர்ல ஒண்ணும் இல்ல, இறங்கினவன் மறந்துட்டுப் போற குடையிலதான் லாபம்.

தினேஷ்: ஜூன் 26ல சுப்பர்கேர்ள் வருது. அவ சுப்பர்மேன்ர கசின்.

மோகன்: கசின்னா? மச்சாளா, தங்கச்சியா?

தினேஷ்: ரெண்டு பேற்ற தகப்பன்மாரும் அண்ணன் தம்பி.

மோகன்: அப்ப சித்தப்பா மகள், தங்கச்சி. போஸ்டர்லயே அதைத் தெளிவாப் போடச் சொல்லு. கசின்னு போட்டா நம்ம சனம் டூயட் எதிர்பார்த்து வரும், பிறகு ஏமாந்து திட்டும்.

தினேஷ்: பொம்பிளை ஹீரோ எண்டால் எனக்கு மலையாள லோகாதான். 2025ல வந்தது. இந்தியக் காசில முப்பது கோடி அளவில செலவழிச்சு, முந்நூறு கோடி எடுத்தவங்கள்.

மோகன்: பத்து மடங்கு! இதை முதல்லயே சொல்லியிருந்தா யோசிக்காமக் காசைத் தந்திருப்பேனே. ஹொலிவூட்காரன் இருநூறு மில்லியனைக் கொட்டி முழிக்கிறான், சேட்டன் சில்லறைக் காசுல கோட்டை கட்டிட்டான். யார் அந்தப் பிள்ளை?

தினேஷ்: கள்ளியங்காட்டு நீலி. யட்சி.

மோகன்: யட்சியா? அருமை! ஹூட்ல யட்சி இருந்தா பின்னால வாற 155 பஸ்காரன் ஹோர்ன் அடிப்பானா? பத்தடி தள்ளித்தான் வருவான்.

தினேஷ்: எங்கட அம்மா கேற்றைத் திறக்க மாட்டா அண்ணை. ஜோக்கருக்கே மூண்டு மாசம் தேசிக்காய் வெட்டினவ.

மோகன்: அப்ப ஜோக்கர் வேணாம், ஜங்கி வேணாம், யட்சி வேணாம், சிவப்பு வேணாம். மிஞ்சுறது டூம்.

தினேஷ்: பச்சை முக்காடு, இரும்பு முகம். அழுக்கும் தெரியாது. முகமூடியில அரைவாசி உடைஞ்சு, உள்ள டவுனியின்ர முகம் தெரியிற மாதிரி டிசைன் காட்டினவன். படம் ஓடினா டூம். ஓடாட்டி, மிச்ச முகமூடியையும் உரிச்சா பழைய ஐயன் மேன் கிடப்பார்.

மோகன்: நீ இவ்வளவு புத்தியோட ஓட்டோ ஓட்டுறது பாவம்டா. சரி, கடன் பாஸ்.

தினேஷ்: நாலாயிரமும்?

மோகன்: (பேர்ஸைத் திறந்து எண்ணுகிறார்) ரெண்டாயிரம். இது முதல் தவணை.

தினேஷ்: என்ன அண்ணை, ஐ.எம்.எஃப். மாதிரி!

மோகன்: நாட்டுக்கே அப்படித்தான் குடுக்கிறாங்க, உனக்கு என்ன விசேஷம்? டிசம்பர் 19 காலையில கலெக்‌ஷன் பார்ப்பேன். அதுதான் மீளாய்வு. திருப்தின்னா ரெண்டாம் தவணை.

தினேஷ்: பாதிக் காசுக்குக் கடைக்காரன் பாதி முகம்தான் ஒட்டுவான்!

மோகன்: ஒட்டட்டும்.

தினேஷ்: எந்தப் பாதி?

மோகன்: முகமூடிப் பாதி. மனுஷன் பாதியை டிசம்பர்ல பார்ப்போம்.

(பஸ் ஹோல்ட் பக்கமிருந்து அந்த அம்மா திரும்பி வருகிறார். 155 வரவில்லை போல.)

அம்மா: ஸ்பைடர்மேன் முடிஞ்சுதா தம்பி?

மோகன்: முடிஞ்சுதும்மா, ஏறுங்க. இந்த டூம் விஷயத்தை மட்டும் இவனோட…

அம்மா: (பையை சீட்டில் வைத்தபடி) டிசம்பர் வரைக்கும் நான் நிக்கேலாது. வெண்டிக்காய் வாடிப்போகும்.