புயல் இல்லையாமே, அப்போ நிம்மதிதானே?

"புயலா, இல்ல வெறும் தாழ்வா?" வானம் கறுத்தால் எனக்கு வரும் முதல் வாட்ஸ்அப் கேள்வி இதுதான். அந்த 'வெறும்' மேல்தான் எனக்குக் கோபம்.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று இந்திய வானிலைத் துறை அடுக்கும் படிகள் எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துப் போட்டவை. மணிக்கு 61 கி.மீ. வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல், உடனே பெயர்சூட்டு விழா. மழைக்கு இந்த ஏணியில் ஒரு படிகூடக் கிடையாது. காற்றுக்குப் போட்ட மார்க்கை மழைக்கும் சேர்த்துப் படித்துக்கொள்வது நாம்தான்.

இந்த ஏணியில் காலே வைக்காதது டிரஃப் (trough), அதாவது நீளவாக்கில் கிடக்கும் ஒரு குறைந்த காற்றழுத்தப் பட்டை. வானிலை வரைபடத்தைப் பாருங்கள்: புயலைச் சுற்றி அழுத்தக் கோடுகள் (ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைப்பவை), அறுத்த மரத்தின் வளையங்கள் மாதிரி வட்டம் வட்டமாக மூடியிருக்கும். டிரஃபில் கோடு மூடாது. ஓரிடத்தில் பள்ளம்போல வளைந்துவிட்டு மேலே போய்விடும். மையம் இல்லை, கண் இல்லை, டிவியில் சுழற்றிக் காட்ட ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வளைவு நெடுக ஈரக்காற்று வந்து குவியும். குவிந்த காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை; ஏறினால் குளிர்ந்து மேகம், மழை. சில நாள், மேகங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஊர் மேல் ஓடும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அன்று புயல் எங்கே இருந்தது? தாழ்வுப் பகுதிகூட இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2001-இல் வந்த ஆலிசன் என்ற புயல், கடைசிவரை ஹரிக்கேன் (அங்கே கடும் புயலுக்கு வைத்த பெயர்) ஆகவே இல்லை. ஹூஸ்டனை மூழ்கடித்த கையோடு, அந்தப் பெயரையே இனி வைக்க வேண்டாம் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

2017-இன் ஹார்வி இன்னும் வேடிக்கை. கரீபியன் கடலில் சிதைந்து வெறும் காற்றழுத்த அலையாக, அதாவது ஒருவகை டிரஃபாக ஆகிப்போனது. கதை முடிந்தது என்றார்கள். மெக்சிகோ வளைகுடாவின் சூட்டில் மறுபடி எழுந்து, ஐந்து வகைகளில் நான்காம் வகை ஹரிக்கேனாக டெக்சாஸில் கரை ஏறியது. மறுநாளே வலுவிழந்தும்விட்டது. ஹூஸ்டன் மிதந்தது அதற்குப் பிறகுதான்! நகர மறுத்து நாள்கணக்கில் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது. டெக்சாஸின் நெடர்லாண்ட் (Nederland) என்ற சின்ன ஊரில் சுமார் 154 செ.மீ. மழை.

'வலுவிழந்தது' என்றால் காற்று தளர்ந்தது என்று மட்டும்தான் பொருள். மேலே சுமந்துவந்த தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. செய்தியில் இந்த ஒரு சொல்லை உச்சரிக்கும்போது வாசிப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும் பாருங்கள், அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நேற்று இரவு இரண்டு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் கேட்டார்: "வலுவிழந்துடுச்சாமே, தூங்கலாமா?"

"எவ்வளவு வேகத்துல நகருதுன்னு போட்டிருக்கான், அதப் பாத்துட்டுத் தூங்குங்க" என்றேன்.