பவர் பேங்கைப் பெட்டிக்குள் போடாதீர்கள்

போன வாரம் மதுரை விமான நிலையத்தில் பெட்டி போடும் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். முன்னால் ஒரு அண்ணன் பெட்டியைத் தரையில் திறந்து போட்டு, சுங்குடிச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தபடி பவர் பேங்கைத் தேடுகிறார். அது அடியில், துண்டில் சுற்றிக் கிடக்கிறது. பின்னால் கைக்குழந்தையோடு ஒரு அக்கா வேர்த்துப்போய் நிற்கிறார்.

பவர் பேங்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. பெட்டிகள் போகும் சரக்கு அறையில் தீப்பிடித்தால் உடனே அணைக்க அங்கே ஆள் கிடையாது. கையில் இருந்தால் புகை வரும்போதே கண்ணில் படும். அதனால்தான் கைப்பையில் மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். நாம் வைத்திருக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 74 வாட் ஹவர்தான் வரும். வீட்டிலேயே எடுத்து வைக்க ஒரு நிமிஷம் ஆகுமா?

அப்புறம் எடை. எத்தனை கிலோ என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. சின்னத் தூக்குத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள், சாமி. முறுக்கு டப்பாவை எந்தப் பையில் திணிப்பது என்று கவுண்டர் முன்னால் குடும்பமே கூடிப் பேசுவதைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.